தாத்தாவின் டி.டி.க்கு முதலில் ஆசாரியைக் கூப்பிடுங்கள்

கேட்டிருப்பவர் குலசேகரம் பக்கத்துத் தம்பி ஒருவர். தாத்தா வாங்கிய 1952 மாடல் எம்.ஜி. டி.டி., துணிக்கூரை மடக்கும் இரண்டு சீட்டு வண்டி, ரப்பர் ஷீட்டு காயப்போடும் புகைப்புரையை ஒட்டிய சாய்ப்பில் முப்பது வருடமாகக் கிடக்கிறதாம். வீட்டு ஷெட்டிலேயே வைத்துச் சரிசெய்யலாமா, எங்கிருந்து தொடங்குவது, எஞ்சின் இறுகிக் கிடப்பதால் மாருதி எஞ்சின் வைத்துவிடலாமா, 'மூன்று மாதத்தில் புத்தம்புதுசாக்கித் தருகிறேன்' என்று ஒரு பெயின்டர் சொல்கிறாரே, கொடுக்கலாமா என்று நாலு கேள்வி.

தம்பி, கடைசிக் கேள்வியில் இருந்தே வருகிறேன். பெயின்டரிடம் கொடுக்க வேண்டாம். மாருதி எஞ்சின் வேண்டவே வேண்டாம். தொடங்க வேண்டியது மரத்தில் இருந்து. வீட்டில் வைத்துச் செய்யலாம். நான் நாகர்கோவிலில் என் வீட்டு ஷெட்டில்தான் செய்தேன். ஆறு வருடம் ஆனது. அதில் ஒன்றரை வருடம் என் அவசரத்துக்கு நானே கட்டிய தண்டம்.

மரம் என்றதும் முழிக்காதீர்கள். இந்த வண்டியின் உடம்பு பாதி மரம். அடியில் இரும்புப் பெட்டிச் சட்டமாக சேஸ். அதன்மேல் ஆஷ் என்கிற இங்கிலாந்து மரத்தில் செய்த கூடு. கூட்டின்மேல் தகட்டைப் போர்த்தி, விளிம்பை மடக்கிச் சின்னச் சின்ன ஆணி அடித்திருப்பார்கள். இங்கிலாந்தில் அபிங்டன் என்ற ஊரில் 1949 கடைசியில் இருந்து 1953 வரை, முப்பதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக இந்த வண்டி செய்தார்கள். பெரும்பாலானவை அமெரிக்காவுக்குக் கப்பலேறின. நம் பக்கம் எஸ்டேட் துரைமார் காலத்தில் வந்த ஒன்றிரண்டில் உங்கள் தாத்தா வண்டியும் ஒன்று போலிருக்கிறது. (என் வண்டியைப் பார்த்தவர்களில் பாதிப் பேர் 'எம்.ஜி.ஆர். வண்டியா அண்ணாச்சி' என்றுதான் கேட்டார்கள். மீதிப் பாதி, ஷோரூமில் நிற்கிற இன்றைய எம்.ஜி.யோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டார்கள். எம்.ஜி. என்பது மோரிஸ் கராஜஸ்.)

தகடு வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே மரம் இற்றுப்போயிருக்கும். பட்டி பூசி ஸ்ப்ரே அடித்தால் மூன்று மாதம் என்ன, மூன்று வாரத்திலேயே போட்டோவுக்கு நிறுத்தலாம். முதல் குண்டு குழியில் கதவு தானாகத் திறந்துகொள்ளும். டி.டி.யின் கதவுக்குக் கீல் பின்பக்கம், திறப்பது முன்பக்கம். ஓடும்போது திறந்தால் காற்று அதைப் பின்னால் அடித்துக்கொண்டு போகும். அந்தக் கதவைத் தாங்குவது ஒரு மரத்தூண். தூணைத் தாங்குவது அடியில் நீளவாக்கில் ஓடும் மரச்சட்டம். மழைத்தண்ணீர் இறங்கித் தங்குவதும் அதே சட்டத்தில்தான்.

நான் செய்த தப்பைச் சொல்கிறேன். வண்டி வந்த இரண்டாவது வாரமே பெட்ரோல் டாங்க், மட்கார்டு, ஃபுட்போர்டு எல்லாம் கழற்றி, மச்சினனையும் பக்கத்து வீட்டுப் பையன்களையும் கூட்டி, ஆறு பேராகப் பிடித்துக் கூட்டை அப்படியே சேஸில் இருந்து தூக்கி நாலு பழைய டயர்மேல் வைத்துவிட்டேன். பெரிய சாதனை செய்த நினைப்பு. எட்டு மாதம் கழித்து சேஸுக்குப் பெயின்ட் அடித்து, கூட்டைத் திரும்ப ஏற்றினால் போல்ட்டு ஓட்டை எதுவும் நேர் வரவில்லை. கம்பி போட்டு நெம்பி மாட்டினேன். கதவு மேலே ஒரு விரல் இடைவெளியில் நிற்கிறது, கீழே சட்டத்தில் இடிக்கிறது. இற்றுப்போன கூடு டயர்மேல் இருந்த எட்டு மாதத்தில் தன் எடையிலேயே அகன்றுபோயிருக்கிறது.

அப்போது குளச்சல் பக்கம் வள்ளம் கட்டின ஆசாரி ஒருவரை ஒரு உறவுக்காரர் அழைத்துவந்தார். எழுபது வயதிருக்கும். வந்தவர் வண்டியைச் சுற்றிப் பார்க்கவே இல்லை. நேராகக் குனிந்து, என் டூல் பெட்டியில் இருந்து நீள ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, கதவுக்கடியில் சட்டத்தில் வைத்து உள்ளங்கையால் ஒரு அழுத்து. அவித்த மரச்சீனிக்கிழங்கில் இறங்குவது போல முக்கால் அங்குலம் இறங்கியது. உருவினார், முனையை மோந்து பார்த்தார். 'இது வண்டியில்ல மக்கா, வள்ளமாக்கும். கரையில கெடந்தா வள்ளம் அகலும், தெரியாதா? கெட்டிப்போட்டுட்டுல்லா தூக்கணும்' என்றார். அவ்வளவுதான் அவர் சொன்ன பாடம். ஒன்றரை வருடம் முன்னால் யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று இருந்தது.

ஆகவே நீங்கள் கூட்டைத் தூக்குமுன் செய்ய வேண்டியது 'கெட்டிப்போடுவது'. கதவு இரண்டையும் இருக்கிற நிலையிலேயே மூடி, சுற்றிலும் எவ்வளவு இடைவெளி என்று அளந்து எழுதுங்கள். பிறகு கதவைக் கழற்றி, கதவு வாசலுக்குக் குறுக்கே முன் தூணுக்கும் பின் தூணுக்கும் ஆங்கிள் இரும்பு வைத்து போல்ட்டு போடுங்கள். வெல்டிங் வேண்டாம், பக்கத்தில் மரம் இருக்கிறது. மேலே ஒன்று, மூலைவிட்டமாக ஒன்று. இடது தூணில் இருந்து வலது தூணுக்கும் ஒன்று. கூட்டுக்கும் சேஸுக்கும் நடுவே அங்கங்கே ஒட்டுக்கட்டை வைத்திருப்பார்கள். எது எந்த இடத்தில், எவ்வளவு தடிமன் என்று குறித்து, அந்தக் கட்டையையே பையில் போட்டுக் கட்டி எழுதி வையுங்கள். என் வண்டியில் அவற்றைப் பழைய குப்பை என்று எண்ணி அடுப்பெரிக்கக் கொடுத்துவிட்டேன்.

உங்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. புகைப்புரைக்குப் பக்கத்தில் கிடந்த வண்டி என்றீர்கள். புகை பட்ட மரத்தில் சிதலும் வண்டும் எளிதில் அண்டாது, நம் பழைய அடுக்களை உத்தரங்களைப் பார்த்தாலே தெரியும். ஆனால் விறகுப்புகையில் இருக்கிற அமிலம் இரும்பைத் தின்னும். ஆகவே என் வண்டிக்கு நேர் எதிராக, உங்களுடையதில் மரம் தப்பித்துத் தகடு போயிருக்கக்கூடும். ஸ்க்ரூ டிரைவர் சொல்லும்.

மாற்று மரம் எது என்பதில் ஆளுக்கொரு பேச்சு. ஆஷ் மரம் இங்கே எளிதில் கிடைக்காது. அதன் குணம், வளையும், அதிர்வைத் தாங்கும், உடையாது, ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளும். அந்த நாலும் ஒரே மரத்தில் நம்மிடம் இல்லை. நாங்கள் அடிச்சட்டத்துக்கு அயினி என்கிற பலா இனத்து மரம் போட்டோம். வள்ளத்துக்கு அதைத்தானே பிடிக்கிறார்கள், ஈரத்துக்கு அசையாது. தூணுக்கும் மேல்கூட்டுக்கும் தேக்கு. தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு என்பதால் எபாக்சி பசை தடவுமுன் அசிட்டோன் தொட்ட துணியால் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் மூட்டு விட்டுப்போகும். உங்கள் தோட்டத்தில் சும்மா கிடைக்கிறதே என்று ரப்பர் மரத்தை மட்டும் தொடாதீர்கள். மருந்தேற்றாத ரப்பர் மரம் பூஞ்சைக்கும் வண்டுக்கும் விருந்து.

புதிதாக அறுத்த மரமும் வேண்டாம். அங்குலத் தடிமனுக்கு ஒரு வருடம் காய வேண்டும் என்பது ஆசாரிமார் கணக்கு. தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் பழைய ஓட்டு வீடுகளை இடித்துக் கான்கிரீட் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அந்த உத்தரமும் கழுக்கோலும் எண்பது வருடம் காய்ந்தவை. எனக்கு வேண்டிய அயினி முழுவதும் ஒரே வீட்டின் தட்டுப்பலகையில் இருந்து வந்தது. ஆணி மட்டும் பார்த்துப் பிடுங்குங்கள், ஆசாரியின் இழைப்புளி வாய் மழுங்கினால் அன்றைக்கு வேலை நடக்காது.

மூட்டெல்லாம் ஒட்டி முடிந்த பிறகு, கண்ணில் படாத அடிமரத்துக்கு முந்திரிக்கொட்டைத்தோட்டு எண்ணெய் பூசினோம். அண்டி ஆபீசு என்கிற முந்திரி ஆலைகளில் கிடைப்பது, வள்ளத்துக்கு அடிப்பது. கையுறை இல்லாமல் தொட்டால் தோல் கொப்புளித்துப்போகும். பசைக்கு முன்னால் பூசினால் பசை ஒட்டாது, வரிசையை மாற்றாதீர்கள். பித்தளை ஸ்க்ரூ துருப்பிடிக்காது என்று எல்லா இடத்திலும் போட வேண்டாம். உப்புக்காற்றில் பித்தளை இரும்புத் தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால் பித்தளை நன்றாக இருக்கும், தகடு அரித்துப்போகும்.

இனி எஞ்சின். மாருதி எஞ்சின் வேண்டாம் என்றதற்குக் காரணம் அழகு மட்டும் இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஜூலையில் விண்டேஜ் வண்டிகளுக்கென்று தனிப் பகுதி சேர்த்தார்கள். முதல் பதிவில் இருந்து 50 வருடம் தாண்டிய சொந்த உபயோக வண்டியாக இருக்க வேண்டும், சேஸிலும் பாடியிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும். அதன்பின் மறுபதிவுக்கு 5,000. எண்ணில் மாநில எழுத்துக்குப் பின் 'வி.ஏ.' வரும். பழைய பதிவு எண் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் விண்டேஜ் என்று பதிந்தால் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் இறக்கலாம். ஞாயிற்றுக்கிழமை முட்டம் கடற்கரைக்குக் காற்று வாங்கப் போக முடியாது. அதனால் தாத்தாவின் ஆர்.சி. புத்தகத்தை முதலில் தேடுங்கள். 1956 நவம்பர் 1-க்கு முன் நம் ஊர் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்ததால் பழைய காகிதம் அந்தக் காலத்து முத்திரையோடு இருக்கும், கிழிந்திருந்தாலும் எறியாதீர்கள். இறந்தவர் பெயரில் இருந்து மாற்றுவதற்குப் படிவம் 31. சேஸில் அடித்திருக்கும் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் பென்சில் தேய்த்துக் காகிதத்தில் எடுத்து வையுங்கள். டி.டி. மாடலின் சேஸ் எண் வரிசை 0251-ல் தொடங்கும். தொழிற்சாலையின் தொலைபேசி எண் 251, அதனால்தானாம்.

எஞ்சின் இறுகியிருக்கிறது என்பதற்காகப் பயப்பட வேண்டாம். வண்டியைக் கியரில் போட்டு இழுத்துப் பார்ப்பது, பேட்டரி கொடுத்து செல்ஃப் அடிப்பது இரண்டும் கூடாது. நாலு பிளக்கையும் கழற்றி, ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஊற்றி விட்டுவிடுங்கள். வாரம் ஒருமுறை ஊற்றுங்கள். இந்த வண்டிக்கு முன்னால் கைப்பிடி போட்டுச் சுற்றும் வசதி உண்டு. ஒரு மாதம் கழித்து மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். என்னுடையது ஏழாவது வாரம் அசைந்தது. மழைக்கால ராத்திரி, கரண்டு இல்லை, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஆட்டினேன். உள்ளே 'க்ளக்' என்று ஒரு சத்தம். வீட்டுக்காரி என்ன உடைந்தது என்று ஓடிவந்தாள்.

இது 1250 சி.சி., நாலு சிலிண்டர், 66.5 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், இரட்டை எஸ்.யு. கார்ப்பரேட்டர், 54 குதிரைத்திறன். சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும் ரீபோர், வால்வு சீட்டு வேலைக்கெல்லாம் நாகர்கோவில் லேத்துகளே போதும். ஆனால் லேத்துக்காரரிடம் முன்கூட்டியே ஒன்று சொல்லிவையுங்கள்: இதன் மரை விசித்திரமானது.

எக்ஸ்.பி.ஏ.ஜி. என்ற இந்த எஞ்சின் கவென்ட்ரியில் மோரிஸ் எஞ்சின் ஆலையில் உருவானது. அந்த ஆலை முதலில் ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனியுடையது, மோரிஸ் அதை 1923-ல் வாங்கினார். பிரெஞ்சுக்காரர்களின் இயந்திரங்கள் மெட்ரிக் மரை போட்டவை. அவற்றை மாற்றாமல் மரையை அப்படியே வைத்துக்கொண்டு, மெக்கானிக்குகளின் ஸ்பானருக்குப் பொருந்தட்டும் என்று போல்ட்டுத் தலையை மட்டும் பிரிட்டிஷ் விட்வொர்த் அளவில் செய்தார்கள். அதனால் உள்ளே மெட்ரிக், தலை விட்வொர்த். நம் கையில் இருக்கும் ஸ்பானரில் ஒன்று ஏறாது, அடுத்தது ஆடும். அதைவிடக் கேடு: இதன் 8 மி.மீ. போல்ட்டின் மரை இடைவெளி 1 மி.மீ. இன்றைக்குக் கடையில் கிடைக்கும் 8 மி.மீ. போல்ட்டுக்கு 1.25. விட்டம் ஒன்றுதானே என்று கடை போல்ட்டைப் போட்டால் ஒன்றரைச் சுற்று சமர்த்தாக ஏறும், பிறகு இறுகும். 'கொஞ்சம் டைட்டாக இருக்கிறது' என்று பையன் கம்பி மாட்டி ஒரு இழுப்பு இழுப்பான். எஞ்சின் மரை போச்சு. என் எஞ்சினில் இப்படி இரண்டு ஓட்டை போனது, ஒன்று நானே செய்தது. ஆகவே கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் தங்கம் மாதிரிப் பாதுகாத்து, கிடந்த இடத்தைக் குறித்து வையுங்கள். விட்வொர்த் ஸ்பானர் செட்டு ஒன்று முதலிலேயே வாங்கிவிடுங்கள். பழைய புல்லட் மெக்கானிக்குகள் சிலரிடம் இன்னும் இருக்கும்.

பின்பக்க ஆயில் ஒழுக்குக்காக மனம் உடைய வேண்டாம். கிராங்க்கின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது, ஆயிலைத் திருப்பிவிடும் திருகுவரி மட்டும்தான். புதிதாக இருந்தபோதே சொட்டியது.

துருவுக்கு வருகிறேன். ரப்பர் பால் உறைய வைக்கிற ஆசிட் வீட்டில் கேன் கேனாக இருக்கும், அதில் சாமானை முக்கிவைத்தால் துரு போய்விடுமே என்று தோன்றும். போகும், கூடவே நல்ல இரும்பும் போகும். அந்த ஆவி மூடிய ஷெட்டில் பக்கத்தில் இருக்கும் கழுவிவைத்த இரும்பையும் இரவோடு இரவாகச் சிவக்க வைக்கும், உங்கள் நெஞ்சுக்கும் ஆகாது. சின்னச் சாமான்களுக்கு சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர், பிளாஸ்டிக் டிரம்மில் இரண்டு மூன்று வாரம். நாறும், ஆனால் இரும்பைத் தின்னாது. அலுமினியத்தையும் கார்ப்பரேட்டரையும் அதில் போடக் கூடாது. சேஸ் பெட்டிச் சட்டம் என்பதால் துரு உள்ளிருந்து வரும். சுத்தியலால் தட்டிப் போகப்போக 'டங்' என்ற சத்தம் 'டப்' என்று மாறுகிற இடத்தில் வெட்டித் திறந்து பாருங்கள். சரிசெய்த பின் உள்ளே மெழுகு கலந்த துருத்தடுப்பு எண்ணெயை நீளக்குழாய் வைத்துப் பீய்ச்ச வேண்டும்.

பிரேக்கைப் பிரிக்கும்போது டிரம்மில் இருக்கும் தூசியைக் கம்ப்ரசரால் ஊதாதீர்கள். அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடைத்துக் கட்டிப் போடுங்கள். வீல் சிலிண்டர் பள்ளம் விழுந்திருந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் போடலாம். ரப்பர்க் கப்பைக் கிரீசால், எஞ்சின் ஆயிலால் தொடக்கூட வேண்டாம். ரப்பர்க்காரர் வீட்டுப் பிள்ளைக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. பிரேக் ஆயில் காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். நம் ஊரில் இரண்டு மழையும் உண்டு என்பதால் வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

பெட்ரோலும் இப்போது பழையது இல்லை. ஈயம் கலந்தது 2000-த்தோடு நின்றுபோனது. ஈயம் இல்லாவிட்டால் வால்வு உட்காரும் இடம் தேயும், அதனால் ஹெட்டைக் கழற்றும்போதே கடினமான எக்ஸாஸ்ட் வால்வு சீட்டு போட்டுவிடுங்கள். இப்போதைய எத்தனால் பழைய ரப்பர் குழாயைக் கரைக்கும், ஈரத்தை இழுத்து டாங்க்கைத் துருவேற்றும். எத்தனால் தாங்கும் குழாய் போடுங்கள், ஓட்டாத மாதங்களில் டாங்க்கில் பெட்ரோல் நிறுத்தாதீர்கள்.

வயரிங் முழுக்கப் புதிதாகப் போடுவதே நல்லது, துணி சுற்றிய பழைய வயரை நம்பி ஒரு மரவண்டியில் கரண்டு விட வேண்டாம். இதில் பாடிக்குப் போவது பேட்டரியின் பாசிட்டிவ் என்பதை மட்டும் எலெக்ட்ரீஷியனிடம் இரண்டு தடவை சொல்லுங்கள். குரோம் வேலைக்குக் கோயம்புத்தூரோ சென்னையோ போக வேண்டும். துணிக்கூரையைச் சீட்டு தைப்பவரே தைப்பார், பழையதைப் பிரித்து அச்சாகக் கொடுங்கள். நனைந்த கூரையை மடக்கி வைத்தால் ஒரு வாரத்தில் பூசணம்.

பெயின்ட்டை ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் நடுவே வையுங்கள். ஜூனில் இருந்து டிசம்பர் வரை ஈரம் விடாது, ஈரத்தில் அடித்த பெயின்ட் பால் தெளித்த மாதிரி வெளுத்துப்போகும்.

இடம் போதுமா என்று கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வண்டி சுமார் 12 அடி நீளம், 5 அடிக்குள் அகலம். பிரித்துப் போட்டால் மூன்று மடங்கு இடம் தின்னும். செலவு என்று கேட்டால், சாமானைவிட அது இங்கிலாந்தில் இருந்து வரும் கூலியும் சுங்கமும்தான் கடிக்கும். ஒவ்வொன்றாக வரவழைக்காமல் பட்டியல் போட்டு மொத்தமாக வாங்குங்கள். அதற்கும் முதலில் எது இருக்கிறது எது இல்லை என்று தெரிய வேண்டும்.

ஆகவே இந்த வாரம் எதையும் கழற்றாதீர்கள். ஓலையையும் குப்பையையும் விலக்கி, வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி (செங்கல் அடுக்கி அதன்மேல் வேண்டாம்), நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். பிறகு நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்று எடுத்து, கதவுக்கடியில் இரண்டு பக்கச் சட்டம், கீல் இருக்கும் இரண்டு தூண், பெட்ரோல் டாங்க்குக்கு முன்னால் குறுக்குச் சட்டம், இந்த ஐந்து இடத்தில் குத்திப் பாருங்கள். எங்கே எவ்வளவு இறங்கியது என்று எழுதி அனுப்புங்கள். கால் அங்குலத்துக்கு மேல் எங்கேயாவது இறங்கினால், அந்தக் குளச்சல் ஆசாரி இப்போது வேலைக்கு வருவதில்லை, மகன் வருகிறார், கேட்டுப் பார்க்கிறேன்.